மாமாவின் அழுகை ஒத்திகை

என் மாமா முப்பது வருடத்தில் ஒரு நோயாளியைக்கூடக் காப்பாற்றியதில்லை. உள்ளூர்த் தொலைக்காட்சி நாடகங்களில் அவர்தான் டாக்டர். அறுவை சிகிச்சை அறையின் கதவைத் திறந்துகொண்டு வருவார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், பெருமூச்சு விடுவார், "சாரி" என்பார். அதோடு அவர் வேலை முடிந்தது. மிச்ச வேலையைக் கதாநாயகி பார்த்துக்கொள்வார். இடையிடையே நீதிபதியாகவும், எல்லாம் முடிந்தபிறகு வந்து சேரும் இன்ஸ்பெக்டராகவும், மாப்பிள்ளையின் அப்பாவாகவும் வந்ததுண்டு. ஆனாலும் எங்கள் ஊரான கிள்ளானில் எங்கே போனாலும் அவர் பெயர் டாக்டர்தான். வெள்ளைக் கோட்டு ஒன்றைச் சொந்தமாகவே தைத்து வைத்திருந்தார். நாடகக்காரர்கள் தரும் கோட்டு அவருடைய தொப்பையை மூடுவதில்லை.

உண்மையில் அவர் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் அதை நம்பத் தயாராக இல்லை. பாசாரில் மீன் விற்கிற அண்ணே, கைலியைத் தூக்கி முட்டி வீக்கத்தைக் காட்டுவார். மாமாவும் குனிந்து பார்த்து, எதற்கும் ஒரு ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்துவிடுங்கள் என்று அதே நாடகக் குரலில் சொல்லுவார். மீன்காரருக்குப் பாதி வலி அங்கேயே போய்விடும்.

இந்தப் புகழ் எடுபடாத ஒரே இடம் டயாலிசிஸ் நிலையம். அத்தைக்கு, அதாவது மாமாவின் மனைவிக்கு, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். முதல் நாள் மாமா கூடவே போய், கண்ணாடியைத் துடைப்பதற்காகக் கழற்றியிருக்கிறார். எதிர்ப் படுக்கையில் இருந்த பெரியவர் பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு மாமா உள்ளே போவதில்லை. நிலையத்து வேனே மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்து அத்தையை ஏற்றிக்கொண்டு போய், ஐந்து மணிக்குக் கொண்டுவந்து விடும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவுக்குப் பெட்டாலிங் ஜெயாவில் தொழிற்சாலை வேலை. பள்ளி விட்டதும் மாமா வீட்டுக்கு வந்துவிடுவேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, ஆகவே அந்த வீட்டில் என் ராஜ்ஜியம்தான்.

அந்த வருடம் மாமாவுக்கு ஒரு பெரிய வேடம் வருகிறாற்போல் இருந்தது. பதின்மூன்று வாரத் தொடரில் கதாநாயகனின் அப்பா. எல்லா வாரமும் வருவார், வீட்டில் சாப்பிடுவார், கோபப்படுவார், சிரிப்பார். கடைசி வாரத்தில் மனைவி இறந்துபோக, உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும். டைரக்டர் சின்ன வயசுக்காரர். கண்ணில் மருந்து விட்டு அழுகிற வேலையெல்லாம் தன்னிடம் நடக்காது என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள அவர் அலுவலகத்துக்குப் போய் அந்தக் காட்சியை நடித்துக் காட்ட வேண்டும். பிடித்தால் வேடம் மாமாவுக்கு, இல்லாவிட்டால் ஈப்போவில் ஒருவர் காத்திருக்கிறார். முப்பது வருடமாக மற்றவர்களை அழ வைத்தே பழகிய மனுஷனுக்கு வந்த சோதனை அது.

வசனத் தாளை மாமா அத்தையின் கண்ணில் படாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். ஒத்திகை, அத்தை வேனில் போன பிறகுதான். "அத்தைகிட்ட மூச்சு விடக்கூடாது பாப்பா" என்றார். ஏதோ ஆச்சரியம் தரப் போகிறார் என்று நினைத்து நானும் தலையாட்டினேன்.

பிணம் நான்தான். வேலை சுலபம் என்றாலும் நான் அதோடு நிற்கவில்லை. முதல் நாளிலேயே மொத்த வசனமும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "நாற்பது வருஷம் என் நிழலாய் வந்தவளே, இந்த வெயிலில் என்னைத் தனியே நிறுத்திவிட்டுப் போக உனக்கு எப்படி மனம் வந்தது" என்று ஆரம்பித்து முக்கால் பக்கம் போகும். மாமா அதைச் சொல்லி அழுதால் விக்கல் எடுப்பது போலிருக்கும். பிணம் சிரித்துவிடும். ஆரம்பத்திலிருந்து மறுபடியும் தொடங்குவார். செவ்வாய்க்கிழமை முழுக்க அப்படியே போயிற்று.

வியாழக்கிழமை காலையில் அத்தைக்குத் தலை சுற்றல். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு ஆன்டியிடம் அதைச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாராம். ஆன்டியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, காப்பாரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருக்கிறார். அதனால் மத்தியானம் வழக்கம்போல் வேன் வந்து அத்தையை ஏற்றிப் போனதை அவர் பார்க்கவில்லை.

நான் பள்ளியிலிருந்து வந்து சாப்பிட்டதும் ஒத்திகை தொடங்கியது. இந்தத் தடவை மாமாவுக்கு ஒரு யோசனை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அத்தையின் மாம்பழ நிறச் சேலையை எடுத்துவந்து, கூடத்தில் பாயில் படுத்திருந்த எனக்குக் கழுத்து வரை போர்த்தினார். சுமங்கலியாகப் போகிறவள் என்பதால் நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்தார். சாமி படத்துக்கு வாங்கிய மல்லிகையை என் தலையில் சுற்றினார். பிறகு என் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

கண்ணைத் திறந்தால் திட்டு விழும் என்று மூடியபடியே கிடந்தேன். அப்புறம் மாமா அழ ஆரம்பித்தார். விக்கல் இல்லை. வயிற்றிலிருந்து வந்தது அது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ பேசினார். நாற்பது வருஷம் நிழலாய் என்று ஆரம்பிக்கவே இல்லை. எனக்கு வசனம் தெரியுமே, சும்மா இருக்க முடியுமா? கண்ணைத் திறக்காமலே, உதட்டை மட்டும் அசைத்து, "மாமா, இது வசனத்துல இல்ல" என்றேன். அவர் கேட்கவில்லை. பேசிக்கொண்டே போனார். இன்றைக்கு எல்லாவற்றையும் கோட்டை விட்டுவிட்டார், சனிக்கிழமை வேடம் ஈப்போக்காரருக்குத்தான் என்று எனக்கு ஒரே கவலை. கவலைப்பட்டபடியே தூங்கியும் போனேன்.

காப்பாரிலிருந்து திரும்பிய ஆன்டி, அத்தைக்குத் தலை சுற்றல் எப்படி இருக்கிறது என்று கேட்க வந்து, இரும்புக் கதவு வழியாக உள்ளே பார்த்திருக்கிறார். அத்தையின் சேலை, குங்குமம், பூ, தலைமாட்டில் கதறும் கணவர். நோய் அத்தையை ஏறக்குறைய என் அளவுக்கு ஆக்கி வைத்திருந்ததால் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. அழுகிற மனுஷனை இடையில் கூப்பிடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே திரும்பிப் போய்த் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

சாவு வீட்டுக்கு ஓடி வருவதில் எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறவர்கள், இதற்கு அரை மணியில் வந்துவிடுவார்கள். மாமா அழுது முடித்து, முகம் கழுவி, குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தபோது வாசலில் கூடாரத்துக்கு இரண்டு கால் நட்டாகிவிட்டது. லோரியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. மாமா "இல்ல, இல்ல" என்று கையை ஆட்டினார். மீன்கார அண்ணே ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் டாக்டர் என்றார். அவர் எவ்வளவுக்கு இல்லை என்றாரோ, அவ்வளவுக்கு எல்லோரும் அழுதார்கள். முப்பது வருடமாக அவர் வாயிலிருந்து சாவுச் செய்தியை மட்டுமே கேட்டுப் பழகியவர்கள் அவர்கள்.

சத்தத்தில் நான் விழித்துக்கொண்டேன். சேலையோடு எழுந்து உட்கார்ந்ததும், அப்போதுதான் கூடத்துக்குள் காலெடுத்து வைத்த ஒரு அக்கா போட்ட கூச்சலில் பின்னால் வந்தவர்களும் வாசலுக்கு ஓடிவிட்டார்கள். நான் யார் என்று அடையாளம் தெரிந்து, அப்படியென்றால் அத்தை எங்கே என்று எல்லோரும் விழித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் வேன் வந்து நின்றது.

அத்தை மெதுவாக இறங்கினார். முழங்கைக்குள் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார். கூடாரத்தைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். ஆன்டியிடம், "யாரு?" என்று கேட்டார்.

ஆன்டிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நீங்கதான்லா அக்கா" என்று சொல்லிவிட்டு அழுதார்.

அத்தை கோபப்படவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வந்தவர்களுக்கெல்லாம் குடிக்கச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கச் சொன்னார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பின்வீட்டு அங்கிளைக் காணோமே, வரவில்லையா என்று விசாரித்தார். வேலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறார் என்று யாரோ அவசரமாகச் சொன்னார்கள். ஆறு மணிக்குள் கூடாரக் கால்களைப் பிடுங்கிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். வசனத் தாள் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டு, சனிக்கிழமை தான் போகப் போவதில்லை என்றும், வீட்டில் இப்படி ஒரு காரியம் செய்திருக்கவே கூடாது என்றும் சொன்னார். அத்தை தாளை முழுக்கப் படித்தார். மடித்து வைத்தார்.

"எங்க, ஒரு தடவ எனக்கு அழுது காட்டுங்க."

மாமா விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். அத்தை சிரிக்கவில்லை. நான் உதவியாக ஓடிப்போய்ப் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மாமா தொண்டையைச் செருமினார். நாற்பது வருஷம், என்றார். அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு முறை நாற்பது வருஷம் என்றார். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

அத்தை அவர் போன திசையைப் பார்த்துச் சொன்னார்: "நா போனப்புறம் நீங்க அழுவுறத நா எங்க பாக்கப் போறேன்? டிவியிலயாச்சும் பாத்துக்கறேன். ஒழுங்கா சனிக்கிழம போயிட்டு வாங்க."

அத்தைதான் முதலில் போவார் என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நடந்தது வேறு. ஆறு வருடம் கழித்து ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மாமா அப்படியே சாய்ந்துவிட்டார். அதற்கப்புறமும் அத்தை மூன்று வருடம் அந்த வேனில் போய் வந்துகொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை நானும் மாமாவும் கிள்ளானில் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனோம். டைரக்டரின் அலுவலகம் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மாமா உள்ளே போனார். அரை மணி நேரத்தில் வெளியே வந்து, கிடைத்துவிட்டது என்றார். கீழே இறங்கி எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார். அவருடைய சட்டைக் காலர் ஈரமாக இருந்தது. வேர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வாரம் ஒளிபரப்பான அன்று மாமா, சாப்பாடு வாங்கி வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார். தன் நாடகத்தைத் தானே பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அத்தையும் நானும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். மாமா தாளில் உள்ளபடி ஒரு வார்த்தை பிசகாமல் பேசினார். கண்ணீர் தாரை தாரையாக வந்தது. நான் மெதுவாகக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை முன்னால் குனிந்து, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி பார்த்தார். விளம்பரம் வந்ததும் சாய்ந்துகொண்டார்.

"நல்லாத்தான் அழுவுறாரு" என்றார்.

எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஒத்திகை முழுவதையும் பார்த்தவள் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. "இது சும்மா அத்தை. அன்னிக்கி உங்க சேலய போத்திக்கிட்டுப் படுத்திருந்தேன் இல்ல, அப்பதான் ரொம்ப நல்லா அழுதாரு. ஆனா வசனத்த மறந்துட்டாரு. அவரா என்னமோ பேசிக்கிட்டே இருந்தாரு" என்றேன்.

அத்தை தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். என் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்தார்.

"என்ன பேசுனாரு?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தாளில் இல்லாததை எதற்காக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்?

"நல்லா யோசிச்சுப் பாரு பாப்பா. ஒரு வார்த்தயாவது."

அத்தை என்னிடம் எதையும் இரண்டு தடவை கேட்டதில்லை. அவர் கை என் முழங்காலின் மேல் இருந்தது. அவரை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. அது தெரியாவிட்டால் என்ன, எனக்குத் தெரிந்தது இருக்கிறதே என்று எழுந்து நின்றேன். கையைக் கட்டிக்கொண்டு, நாற்பது வருஷம் என் நிழலாய் வந்தவளே என்று தொடங்கி, முக்கால் பக்கத்தையும் எங்கேயும் தடுக்காமல், ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தேன். விளம்பரம் முடிந்து நாடகம் மறுபடி ஆரம்பித்திருந்தது. அத்தை அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கடைசி வரி வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்ததும் அத்தையின் கண் கலங்கியிருந்தது. நான் மாமாவைவிட நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.