அக்கா போகாத ஊர்

"சுத்தி வெறும் சோளக்காடுப்பா. ஒரே ஒரு கடைத்தெரு. செம போர்," என்று அமெரிக்காவிலிருந்து வீடியோவில் சலித்துக்கொண்டான் மகன்.

அந்தச் சோளக்காடு எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தாம்பரம் வீட்டில் ரசம் மணக்கும் இரவுச் சாப்பாட்டின்போது, அதே ஊர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்த அக்காவை விசா நேர்காணலுக்காக அந்த ஊரைப் பற்றி அப்பா கேள்வி கேட்பார்.

"முதல்ல காலேஜ் வந்துச்சுப்பா, அப்புறம்தான் ஊரே வந்துச்சு," என்பாள் அவள், சோற்றைப் பிசைந்தபடி.

விசா கிடைக்கவில்லை. அதன்பின் சாப்பாட்டு நேரக் கேள்விகள் நின்றுபோயின.

இப்போது என் பக்கத்திலிருந்த அக்கா போனை வாங்கினாள். "ஊருக்குப் பின்னாடி ஆறு ஓடுமே, பாத்தியாடா?"

"ஆறா? தெரியல அத்த."

"போய்ப் பார்றா முதல்ல!" என்று கத்தினேன்.

"ஏன்டா கத்தற?" என்று போனைத் தந்துவிட்டு, தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று பார்க்க பால்கனிக்குப் போனாள் அக்கா.