விடு, விடுங்க

இன்று காலை முழுக்க காருக்குள் பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

பிரேக் ஆயில் குழாயில் காற்று புகுந்துவிட்டதாம். மிதித்தால் பெடல் பொத்தென்று இறங்குகிறது. நாளைக்குத் திருமயம் போயாக வேண்டும்.

என் வீட்டுக்காரர் சக்கரத்தடியில் படுத்து, அந்தக் குழாயின் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றுவார். மூடிவிட்டு அவர் "விடு" என்ற பிறகுதான் நான் காலை எடுக்கலாம்.

கடைசிச் சக்கரம். திருகு திறந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டு போயிருக்கலாம்ல?"

"அட, விடுங்க!" என்றார் இவர்.

நான் விட்டுவிட்டேன். காற்று திரும்ப உள்ளே போய்விட்டது.

"ஒன்ன யாரு விடச் சொன்னா?"

"நீங்கதான சொன்னீங்க?"

மறுபடியும் மிதி, பிடி, விடு. கால் மரத்துப்போய்விட்டது.

தப்பு என்னுடையதுதான். 'ங்க' போட்டுப் பேசியபோதே, அது எனக்கில்லை என்று புரிந்திருக்க வேண்டாமா?