துரை ஏறிய கேஜ்

ஷிப்ட் முடிந்து அப்பா வந்தால், குடிசைக்குள் அவருக்கு முன்னால் நுழைவது தலைப்பாகையில் ஒட்டியிருந்த மெழுகுவத்தி நாற்றம்தான். சுரங்க இருட்டில் வத்தியைத் தலையிலேயே ஏற்றிக்கொண்டு பாறை உடைத்தவர் அவர். இந்த வயதிலும் எங்காவது மெழுகுவத்தி அணைந்தால் என் கண் வாசலுக்குத்தான் போகிறது.

கோலார் தங்கவயலுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்த புதிது. வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் குடியிருந்த குடிசை வரிசையான எங்கள் 'லைனில்' பிள்ளைகளுக்கு இருந்த ஒரே விளையாட்டு 'கேஜ்'. ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுக்குத்தான் அந்தப் பேர். பத்துப் பேர் நிற்கலாம். ஆனால் வெள்ளைக்காரத் துரை ஏறினால் அவர் மட்டும்தான், அதை யாரும் எங்கும் எழுதி ஒட்டவில்லை. நாங்களும் தரையில் கட்டம் கிழித்து ஒருவரைத் துரையாக உள்ளே நிறுத்திவிட்டு, மற்றவர்கள் கைகட்டிப் பின்வாங்குவோம். பெண்பிள்ளையானாலும் அடம்பிடித்து நான்தான் எப்போதும் துரை. வேலையிலிருந்து வரும் அப்பாவும் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தொர ஏறட்டும்" என்று ஓரடி நகர்ந்து நிற்பார். எனக்குத் தலைகால் புரியாது.

ஒரு நாள் காலை சுரங்கத்துக்குள் முட்டுக்கொடுத்த மரங்களில் தீப்பிடித்துக்கொண்டது. சங்கு ஊதியதும் லைனே ஓடியது. முதல் கேஜ் மேலே வந்தபோது உள்ளே துரை ஒருவர்தான் நின்றார். இரண்டாவது நடையில் பத்துப் பேர் இருமிக்கொண்டே வந்தார்கள். அதற்குமேல் புகை கேஜை இறங்கவிடவில்லை. அப்பா கீழேயே இருந்துவிட்டார்.

அம்மா துரையின் மேல் மண்ணை வாரித் தூற்றினாள். இரண்டாவது நடையில் வந்த முனுசாமி மாமா, அப்பாவின் கூட்டாளி, குறுக்கே வந்து நின்றார்.

"அவர வையாதக்கா. எல்லாரும் ஏறுங்கன்னு கத்திக்கினேதான் இருந்தாரு. நாங்கதான் ஏறல."

"இன்னாடா சொல்ற? ஏன் ஏறல?"

"தொரைய ஒரசிக்கினு எப்டிக்கா நிக்கிறது? காலு வரலக்கா. ஒன் வூட்டுக்காரருதான் மொதல்ல நவுந்தாரு, அவரப் பாத்து நாங்களும்..."

அம்மா கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டாள். நான் அவள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அப்பா நகர்ந்து நிற்பது எப்படி என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அந்தச் சுரங்கத்தை மூடியாயிற்று. லைனும் இல்லை, சுதந்திரம் வந்த இந்தப் பத்து வருஷத்தில் துரைகளும் கப்பலேறிப் போய்விட்டார்கள். போன மாதம் பெங்களூர் ஆஸ்பத்திரியில் லிப்டுக்காகக் காத்திருந்தேன். உள்ளே பெரிய டாக்டர், நம்மூர்ப் பிள்ளைதான், தனியாக நின்றிருந்தார். "வாங்கம்மா, எடம் கீது" என்று கதவைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். ஏறத்தான் நினைத்தேன், கால் வரவில்லை.