வெள்ளியில் ஒரு பள்ளம்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். நடுநடுவே அவள் சிரிப்பதால் சில வரிகளை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கிய கண் என்னுடையது. கறுத்தது, பூச்சி அரித்தது, உடைந்தது எல்லாம் மேசையில் கொட்டிய உடனே என் விரலுக்கு வந்துவிடும். இன்றைக்கும் கண்ணாடி போட்டதில்லை. கண் டாக்டரே அதிசயப்பட்டார், அது வேறு கதை. ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற பேத்தி, இதை எழுதுகிற இவளுடைய மகள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஏற்காட்டுக்கு வந்து எங்களோடு தங்கினாள். கண்ணுக்கு மறுபடியும் வேலை வந்ததென்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அவள் பார்ப்பது வெள்ளியை. வேலைக்குப் போகிற விடியலில் நாங்கள் பார்த்துக்கொண்டே நடந்த அதே வெள்ளி. அதுவும் பூமியைப் போலக் கல்லும் மலையுமான உருண்டைதானாம். மேலே மேகம் விலகுவதே இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு விண்கலம் அதைச் சுற்றிவந்து, மேகத்துக்குள் புகுந்து பார்க்கிற ரேடாரால் படம் எடுத்திருக்கிறது. எட்டு மாதம் கழித்து அதே இடங்களை மறுபடியும் எடுத்திருக்கிறது. இரண்டு படங்களையும் ஜோடியாக வைத்து, இடையில் ஏதாவது எரிமலை பொங்கியதா என்று தேட வேண்டும். பொங்கியிருந்தால் வெள்ளியின் வயிற்றில் இன்னும் நெருப்பு இருக்கிறதென்று அர்த்தம்.

"மிஷினே பாத்துச் சொல்லாதா கண்ணு?"

"மிஷின் எல்லா எடமும் மாறிருச்சுன்னு சொல்லுதுங்க அம்மாயி. கடைசியா நாமதான் உக்காந்து பாக்கோணும்."

இரண்டு வருஷமாகப் பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை. இந்த மாத ரிப்போர்ட்டில் ஒன்றாவது காட்டாவிட்டால் வேறு வேலைக்கு மாற வேண்டியதுதான் என்று அவளுடைய வாத்தியார் சொல்லிவிட்டார். அவளுக்கோ வெள்ளியை விட மனசில்லை. சாப்பாட்டுத் தட்டு பக்கத்திலேயே ஆறிக்கிடக்கும்.

நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் நாளே ஏழெட்டு மாற்றங்களைத் தொட்டுக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"இதெல்லாம் மாறலீங்க அம்மாயி. முன்னாடி இடப்பக்கமிருந்து எடுத்தது, பொறகு வலப்பக்கமிருந்து எடுத்தது. அதனால வேற மாதிரி தெரியுது."

ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்து, போன் டார்ச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக் காட்டினாள். ஒரே சட்டி, இரண்டு சட்டியாகத் தெரிந்தது.

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? நான் பாட்டுக்குப் பொறுக்கிட்டே இருக்கறேன்."

எரிச்சலாக வந்தது. ஒரு கொட்டையை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓட்டை ஓட்டைதானே. படத்தைத் திருப்பியும் பார்க்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பள்ளம் அகப்பட்டது. ஒரு எரிமலையின் வாய். முதல் படத்தில் துவரம்பருப்பு மாதிரி சின்னதாக, வட்டமாக இருந்தது. அடுத்ததில் இரண்டு மடங்கு பெரிது, ஓரமெல்லாம் கோணல். நான்தான் விரல் வைத்தேன். பேத்தி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு வாய் நிற்குமா? மறுநாளே ஒண்டிக்கடை முக்குக்குப் போய்க் காய்க்காரம்மாவிடம் சொன்னேன்.

"வெள்ளியில நெருப்பு எரியுதுங்க. எம் பேத்திதான் கண்டுபிடிச்சா."

"அப்படீங்களா? எங்கூட்டு அடுப்பு எரிஞ்சு நாலு நாளாச்சு. சிலிண்டர் எங்க நிக்குதுன்னும் அந்தப் புள்ளையவே கண்டுபிடிக்கச் சொல்லுங்க."

அங்கே நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு வாரம் அவள் கணக்குப் போட்டாள். அந்தப் பள்ளத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, வலப்பக்கமிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமென்று திரும்பத் திரும்பச் செய்துபார்த்தாள். மாறாத பள்ளமும் சில சமயம் அப்படியே கோணலாகத் தெரிந்ததாம்.

"அப்ப மாறலையா?"

"மாறியும் இருக்கலாமுங்க. சொல்ல முடியாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சொல்ல முடியாதுன்னா என்ன சாமி அர்த்தம்? ஒரு கொட்டையைக் கையில வச்சுக்கிட்டு யோசிச்சா எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் வந்து வைவாரு. நல்லதா, சொத்தையா, ஏதாவதொரு பக்கம் போட்டுத்தான் ஆகோணும். நல்லதுன்னு போடு. யாரு அங்க போய்ப் பாக்கறாங்க?"

"யாரும் போக மாட்டாங்கன்னுதானுங்க அம்மாயி போட முடியல."

அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை. எனக்கு அது நொம்ப கஷ்டமான காரியம்.

'மாறியது: எதுவும் இல்லை. சொல்ல முடியாதது: ஒன்று' என்று ரிப்போர்ட்டை அனுப்பினாள். வெள்ளிக்கிழமை வாத்தியார் போன் செய்தார். பேத்தி "சரிங்க சார்", "சரிங்க சார்" என்பது மட்டும் காதில் விழுந்தது. திங்கட்கிழமையிலிருந்து வேறு வேலையாம்.

போனை வைத்துவிட்டு அடுத்த ஜோடிப் படத்தைத் திறந்தாள்.

"அதான் வேண்டாம்னுட்டாரே. இன்னும் எதுக்கு?"

"இன்னும் பதினோரு ஜோடி பாக்காம கெடக்குதுங்க."

கண் கெட்டுப்போகும் என்று திட்டினேன். காதில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை வரை இரண்டு பேரும் பார்த்தோம். பதினொன்றிலும் ஒரு கல் நகரவில்லை.