முழங்காலுக்குக் கீழே

அடுகோடியில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில், தைத்து வரும் சட்டைகளில் பிழை பார்க்கும் செக்கிங் வேலை எனக்கு. நாள் முழுக்க நிற்க வேண்டும். ஒருமுறை தொண்டை வலிக்குப் பக்கத்துக் கிளினிக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். வலி போயிற்று. அடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே கருஞ்சிவப்பாகப் புள்ளிகள் கிளம்பின. அழுத்தினாலும் நிறம் மாறவில்லை. தடவினால் மேடு தட்டியது. சில இடங்களில் ஒன்றுசேர்ந்து, அடிபட்டுக் கன்றியதுபோல் இருந்தது.

கணவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அந்தக் கன்னட ஊரில் தோல் டாக்டர் ஒரு தமிழ் அம்மா. என் கால்களை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கணவரிடம், "கொஞ்சம் வெளிய இருங்க சார்" என்றார். கதவு சாத்தியதும் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்ல அடிக்கிறாராம்மா? எங்கிட்ட சொல்லலாம்."

எனக்குச் சுருக்கென்றது. "அவரு கை நீட்டினதே இல்ல மேடம்."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, புள்ளி இருந்த இடத்தில் துளித் தோலை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரத்தமும் எடுத்தார்கள். எதற்கென்று சொல்லவில்லை.

பஸ்ஸில் கணவர் கேட்டார்: "என்ன வெளிய அனுப்பிட்டு அப்படி என்னா பேசினாங்க?"

"ஒண்ணும் இல்ல. பொம்பளைங்க சமாச்சாரம்."

எய்ட்ஸ் பற்றிச் சுவரெல்லாம் எழுதியிருந்த காலம். அன்றிரவு அவர் தன் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். இவர் எங்கே போய் எதைக் கொண்டுவந்தாரோ என்று எனக்கும் ஓடியது.

ரிசல்ட் வந்ததும் டாக்டர் இருவரையும் உட்கார வைத்தார். "தோலுக்குள்ள இருக்கிற சின்ன ரத்தக்குழாய்ல வீக்கம். ரத்தம் கசியுது, அவ்வளவுதான். யாருக்கும் ஒட்டாது. இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

சொன்னேன்.

"அதுவாத்தான் இருக்கணும். இனிமே அத வாயில வைக்காதீங்க." ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்து, காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொன்னார்.

கணவர் எழுந்திருக்கவில்லை. "அன்னிக்கு என்ன எதுக்கு வெளிய அனுப்பினீங்க?"

"நீங்க அடிச்ச காயமோன்னு நெனச்சேன் சார்."

அவர் என்னைப் பார்த்தார். "நீ என்னா சொன்ன?"

"இல்லன்னுதான் சொன்னேன்."

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். முகம் தொங்கிவிட்டது.

ஸ்டீராய்டை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். புள்ளிகள் பழுப்பாகி மங்கின. கணவர் சூப்பர்வைசரிடம் பேசி, உட்கார்ந்து நூல் கத்தரிக்கும் வேலை வாங்கித் தந்தார். ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில், எனக்குப் பக்கத்து ஸ்டூலில் வெகுநாள் யாரும் உட்காரவில்லை.