குரோட்டன்ஸ் தொட்டியும் லிட்மஸ் தாளும்

ஐம்பதுகளில் ராயபுரத்தில், ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு குடித்தனங்கள் இருந்த வீட்டில் குடியிருந்தேன். என் அறைச் சன்னலோரம் தொட்டியில் வளர்த்த குரோட்டன்ஸ் செடியின் இலைகள் வெளுத்து உதிர்ந்துகொண்டே வந்தன. சன்னலுக்கு வெளியே துணி துவைக்கும் பக்கத்துக் குடித்தனக் கன்னியம்மாதான் சலவைச் சோடாத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிறாள் என்று முடிவுகட்டினேன். அவளுக்கும் எனக்கும் ஏற்கெனவே ஆகாது.

திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த ஆலையிலிருந்து சிவப்பு லிட்மஸ் தாள் கொண்டுவந்தேன். காரம் பட்டால் அது நீலமாகும். தொட்டி மண்ணைத் தண்ணீரில் கரைத்து, எல்லோர் முன்னிலையிலும் தாளை நனைத்தேன். நீலமானது.

“திருட்டுக் கழுதை! இதோ சாட்சி!” என்று கத்தினேன்.

கன்னியம்மா தொட்டியின் உள்விளிம்பைக் காட்டினாள். வெள்ளை வெள்ளையாகத் தீற்றல்கள்.

“வெத்தல போட்டுகினு மிச்ச சுண்ணாம்ப தெனம் எங்க தடவுற? உன் வெரல அந்தத் தாளுல வெச்சிப் பாரு!”

இன்னொரு தாளை நனைத்து விரலை வைத்தேன். மண்ணைவிடச் சீக்கிரம் நீலமானது.

“இப்ப சொல்லு, யாரு கய்தே?” என்றாள்.

மறுநாளே மண்ணை மாற்றினேன், செடி துளிர்த்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை. மண்ணைச் சோதித்துச் செடியைக் காப்பாற்றிய கதையைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். விரலைச் சோதித்ததை இப்போதுதான் சொல்கிறேன்.