கரும்பலகை இடம் மாறிய மழைக்காலம்

1. முதல் நாள்

ட்ரெயினிங் முடித்த கையோடு, ராயபுரத்தில் கடலோரமாக இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. நாலாம் வகுப்பைக் கொடுத்தார்கள். தலைமையாசிரியை மரகதம்மாள் என்னை வகுப்புக்கு அழைத்துப்போய், வரிசை வரிசையாகப் பிள்ளைகளை அறிமுகப்படுத்தினார்.

"முன் பெஞ்சு ரெண்டும் ஹார்பர், ரயில்வே குமாஸ்தா வீட்டுப் பொண்ணுங்க. நல்லா வரும். நடு பெஞ்சு கடைக்காரங்க வீடு. சுமாரா வரும். கடைசியில தரையில பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறது குப்பத்துப் பிள்ளைங்க. அதுங்ககிட்டத் தொண்டையை வீணாக்காதே ராஜம்."

பிள்ளைகள் காதில் விழும்படியேதான் சொன்னார். கெட்ட மனுஷி இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். ஐப்பசியில் மழை பெய்யும் என்பதைப் போலத்தான் இதையும் சொன்னார். குப்பத்துப் பெண்கள் நாலாவதோடு நின்று மீன்கூடை தூக்கப் போவது அங்கே வழக்கம். அவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை; கேட்காததால் அவர்கள் பதில் சொல்வதுமில்லை. பதில் சொல்லாததால் மக்கு என்று பெயர்.

2. ஒழுகிய சுவர்

அந்த வருஷ மழையில் முன்சுவர் ஓரம் ஓடு சரிந்து, சுவரெல்லாம் தண்ணீர். கரும்பலகை ஊறிப்போய் சாக்பீஸ் பிடிக்கவில்லை. ப்யூனை விட்டு அதைக் கழற்றிக் காயவைத்துப் பின்சுவரில் மாட்டினேன். பிள்ளைகளைத்தான் இடம் மாற்ற முடியவில்லை. யார் எங்கே உட்காருவது என்பது அவரவர் வீட்டு கௌரவம் அல்லவா. பெஞ்சுகளுக்குச் சாய்மானம் கிடையாது. ஆகவே எல்லோரும் இருந்த இடத்திலேயே திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். குப்பத்துப் பெண்கள் என் எதிரில் வந்துவிட்டார்கள். குமாஸ்தா வீட்டுப் பெண்கள் கோடியில்.

வாத்தியார் கண் பக்கத்தில் இருக்கிற முகத்தைத்தான் பார்க்கும். என் கண்ணில் பட்டவள் முத்தம்மாள், மீன் விற்கும் எல்லம்மாவின் மகள். முதலில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்தாள். பிறகு பக்கத்துப் பெண்ணின் காதில் பதிலைச் சொன்னாள். கார்த்திகை பிறந்ததும் நான் கேள்வியை முடிக்குமுன்பே எழுந்து நின்றாள். அவளை உட்கார வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தக் கோடியில் வேறு கதை. எப்போதும் முதலாவதாக வரும் கமலா ஜன்னலில் காக்காய் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் என்னிடம் வந்து, "என்னை ஏன் டீச்சர் இப்போ கேக்கறதே இல்லை?" என்றாள். மறுநாளிலிருந்து வகுப்பு முழுக்க நடந்துகொண்டே கேள்வி கேட்கப் பழகினேன்.

இதற்குள் எல்லம்மா பள்ளிக்கூட வாசலில் கூடையை இறக்கிவைத்து என்னைக் கூப்பிட்டாள்.

"பொங்கலு போனதும் இவளைக் கூடைக்கு இட்டுக்கினு போறேன் டீச்சரம்மா."

"நல்லாப் படிக்கிறா. அஞ்சாவது போகட்டும்."

"அதெல்லாம் நமக்கு வராதுன்னு பெரிய டீச்சரு சொல்லிக்கீது. அது வாயால பாஸுன்னு சொல்லட்டும், நான் அனுப்பறேன். இல்லாங்காட்டி கூடைதான்."

மரகதம்மாளிடம் போனேன். "பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வர்ற இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா ஒத்துக்கிட்டா எனக்கென்ன வந்தது?" என்றார். "ஆனா அவங்க முன் வரிசையைத்தான் கேப்பாங்க."

3. இன்ஸ்பெக்‌ஷன்

சுவரைப் பூசி வெள்ளையடித்து, கரும்பலகையை மறுபடி முன்சுவரில் மாட்டிவிட்டார்கள். அன்று காலையிலேயே இன்ஸ்பெக்‌ஷன். முத்தம்மாள் பழையபடி கடைசிக்குப் போய்விட்டாள்.

பக்கவாட்டுக் கதவு வழியாக இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர் நேராகக் கரும்பலகை அருகே போய் நின்று, "உட்காருங்க" என்றார்.

உட்கார்ந்தார்கள். மழைக்காலம் முழுக்கப் பழகிய பழக்கம், அத்தனை பேரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"திரும்புங்கடி" என்று மரகதம்மாள் பல்லைக் கடித்தார். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இருக்கட்டும், நானே அங்க வர்றேன்" என்று பின்சுவருக்கு நடந்துபோய், முத்தம்மாள் எதிரில் நின்றார்.

"நீ சொல்லு. ஒரு சட்டைக்கு ஒண்ணே முக்கால் கெஜம் துணி. எட்டுச் சட்டைக்கு?"

"பதினாலு கெஜம்."

"எப்படி?"

"ரெண்டு ரெண்டு கெஜமா வச்சா பதினாறு. சட்டைக்குக் கால் கெஜம் கம்மி. எட்டுக்கு ரெண்டு கெஜம் பூடுச்சு."

அவர் ஒரு புத்தகத்தைப் பிரித்து அடுத்தவளிடம் நீட்டினார். அவளும் தடங்கலில்லாமல் படித்தாள். கோடியிலிருந்து கமலா, தன்னையும் கேட்கச் சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தாள்.

"இந்தப் பொண்ணு அஞ்சாவதுக்கு வர்றா இல்லையா?" என்று இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கேட்டார்.

"பாஸ்தான் அம்மா" என்றார் மரகதம்மாள். "குப்பத்துப் பிள்ளைங்களை நாங்க தனியாவே கவனிக்கிறோம்."

நான் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் எல்லம்மா தன் சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இவ பெரியவளைவிட மந்தம், டீச்சரம்மா."

"அதனாலென்ன, சேத்துக்கலாம்."

"சேக்கறது கெடக்குது. நீ எந்தப் பக்கம் நிக்கிறியோ, அந்தப் பக்கம் குந்த வையி. போதும்."

அவள் என் வகுப்புக்கு வந்தபோது அப்படியே உட்கார வைத்தேன். அக்காளைவிடக் கெட்டிக்காரியாக வந்தாள்.

புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு பிள்ளையை மக்கு என்று யாராவது சொன்னால், அவள் பக்கத்தில் போய் நின்று ஒரு கேள்வி கேளுங்கள். முதல் நாள் பதில் வராது. மறுநாளும் அவளையே கேளுங்கள்.